சூரியன் மறைந்த பிறகும் இன்வெர்ட்டருக்கு வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரிய மின்சாரம் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், பொழுது சாய்ந்ததும் சூரிய மின் நிலையங்கள் மறுநாள் விடியும்வரை மின்தொகுப்புக்கு எந்த வகையிலும் பயன்படுவதில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கட்டுரையின் மற்றச் செய்திகளில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஒரு வரி இன்று பெரும்பாலான இடங்களில் நடைமுறை உண்மைதான். ஆனால் அது இயந்திரத்தின் இயல்பால் வந்த உண்மை அல்ல; நாம் வகுத்து வைத்திருக்கும் விதிகளும் கணக்கு முறையும் அதை உண்மையாக்கி வைத்திருக்கின்றன. துணைமின் நிலையங்களிலும் கட்டுப்பாட்டு அறையிலும் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக விளக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

இன்வெர்ட்டர் என்று இங்கே நான் சொல்வது, மின்வெட்டின்போது வீட்டு விசிறியை ஓட்டும் பேட்டரிப் பெட்டியை அல்ல. சூரியப் பலகைகள் தரும் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றி மின்தொகுப்பில் சேர்க்கும் பெரிய இயந்திரத்தைச் சொல்கிறேன். பெரிய நிலையங்களில் ஒவ்வொன்றும் ஒரு கன்டெய்னர் அளவுக்கு இருக்கும். உள்ளே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் மின்னணுச் சுவிட்சுகளும், அவற்றுக்குப் பின்னால் ஒரு கெப்பாசிட்டர் வரிசையும், முன்னால் ஒரு வடிகட்டிச் சுருளும், அதை அடுத்து ஒரு மின்மாற்றியும் இருக்கும். பகலில் இது செய்யும் வேலையை எல்லோரும் அறிவார்கள். இரவில் இது செய்யக்கூடிய வேலை ரியாக்டிவ் பவர் தொடர்பானது. அந்தச் சொல்லே பலரை விரட்டிவிடும் என்பதால் முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

மோட்டார், மின்மாற்றி, நீண்ட மின்பாதை, நிலத்தடிக் கேபிள் ஆகிய எல்லாவற்றுக்கும், அவை செய்யும் வேலைக்கான மின்சாரம் போக, தம்மைச் சுற்றிக் காந்தப் புலத்தையோ மின்புலத்தையோ எழுப்பிக்கொள்ளச் சிறிது ஆற்றல் தேவைப்படுகிறது. இது செலவாகிவிடும் ஆற்றல் அல்ல, கைமாற்று வாங்குவதைப் போன்றது. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் ஒரு மோட்டார் ஒரு நொடியில் நூறு முறை இந்தக் கைமாற்றை வாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு நொடியின் இருநூற்றில் ஒரு பங்கு நேரத்திற்குள் அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது. கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கொண்டதும் கொடுத்ததும் சமம். ஆகவே வாட் மீட்டரில் எதுவும் ஏறாது. ஆனால் வாங்கவும் கொடுக்கவும் கம்பியில் உண்மையான மின்னோட்டம் ஓடியாக வேண்டும். அந்த ஓட்டம்தான் மின்னழுத்தத்தை ஏற்றுவதும் இறக்குவதும். இந்தக் கைமாற்றுதான் ரியாக்டிவ் பவர். இதை எங்கள் தொழிலில் வாட்டில் அளப்பதில்லை, வாரில் அளக்கிறோம். பெரிய அளவுகளுக்கு மெகாவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மின்தொகுப்பில் மூன்று பேஸ்கள் உள்ளன. மூன்றிலும் ஏற்ற இறக்கம் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை, ஒன்றுக்கொன்று முன்பின்னாக நிகழ்கிறது. ஒரு பேஸ் கைமாற்றைத் திருப்பித் தரும் அதே கணத்தில் இன்னொரு பேஸ் கைநீட்டி நிற்கிறது. மூன்றும் சமநிலையில் இருக்கும்வரை, எந்தக் கணத்தில் கூட்டினாலும் மொத்தம் பூஜ்யமே. ஆகவே இடையில் நிற்கும் இன்வெர்ட்டர் தன் கையிலிருந்து எதையும் போட வேண்டியதில்லை. இவரிடம் வாங்கி அவரிடம் கொடுக்கும், முதல் இல்லாத தரகராக இருந்தால் போதும். பின்னால் உள்ள கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் நிலையாக நின்றால் அந்தத் தரகு வேலை நடக்கும். அந்த மின்னழுத்தத்தைச் சூரியன்தான் தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மின்தொகுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பலகைகளை மட்டும் டிசி சுவிட்சைத் திறந்து பிரித்துவிட வேண்டும், ஏனெனில் இருட்டில் பலகை என்பது, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகளின் வரிசை. இணைத்தே விட்டால் அதுவே கெப்பாசிட்டரிலிருந்து மின்னோட்டத்தை இழுத்து வீணாக்கும். பலகைகளை இழந்த பின் மிஞ்சி நிற்கும் இயந்திரம், மின்னழுத்தத்தைச் சீராக வைக்க மின் நிறுவனங்கள் பெரும் பொருட்செலவில் தனியாக வாங்கி நிறுவும் ஸ்டாட்காம் என்ற கருவிதான். பெயர்ப் பலகை வேறு. உள்ளே இருக்கும் சுற்று ஏறத்தாழ ஒன்றே.

இரவில் இதற்கு என்ன தேவை என்று கேட்கலாம். பகலைவிட இரவில்தான் கூடுதல் தேவை என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் சொல்வார்கள். உயர் அழுத்த மின்பாதை ஒவ்வொன்றும் தன் நீளம் முழுவதும் ஒரு கெப்பாசிட்டர். இரட்டைக் கம்பிக் கற்றை கொண்ட 400 கிலோவோல்ட் பாதையில் 100 கிலோமீட்டருக்கு 50 முதல் 60 மெகாவார் வரை தானாகவே பிறக்கும். பாதையில் ஏறத்தாழ 500 மெகாவாட் சுமை ஓடும்போது, பாதையின் சொந்தக் காந்தப் புலமே அதை விழுங்கிவிடும். நள்ளிரவுக்குப் பின் சுமை குறைந்தால் விழுங்குவதற்கு ஆள் இல்லை. மிஞ்சிய மெகாவார்கள் மின்னழுத்தத்தை மேலே தள்ளுகின்றன. இது புதிய கண்டுபிடிப்பு அன்று. லண்டனில் டெப்ட்ஃபோர்ட் மின் நிலையத்திலிருந்து 10,000 வோல்ட் கேபிள் இழுத்த செபாஸ்டியன் ஃபெராண்டியின் காலத்திலேயே, 1890களின் தொடக்கத்தில், அனுப்பும் முனையைவிடப் பெறும் முனையில் மின்னழுத்தம் அதிகமாக இருப்பதைக் கண்டு வியந்தார்கள்; அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

அதிகாலை இரண்டு மணிக்கு துணைமின் நிலையத்தில் பாதைகள் வந்து சேரும் பொதுக் கடத்தியான 400 கிலோவோல்ட் பஸ்பாரில் மீட்டர் 424 காட்டும்போது செய்யக்கூடியவை மிகக் குறைவு. மெகாவார்களை உறிஞ்சும் சுருள்களான ரியாக்டர்களை எல்லாம் சேர்த்தாயிற்று, மெகாவார் தரும் கெப்பாசிட்டர்களை எல்லாம் விலக்கியாயிற்று, ஓடிக்கொண்டிருக்கும் அனல் மின் நிலைய ஜெனரேட்டர்களிடம் இயன்றவரை உறிஞ்சச் சொல்லியாயிற்று. அதற்கு மேலும் இறங்கவில்லை என்றால், எந்தப் பழுதும் இல்லாத நல்ல மின்பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிரேக்கரைத் திறந்துவிடுவோம். பாதையையே அகற்றிவிட்டால் அது பெற்றெடுக்கும் மெகாவார்களும் போய்விடும் அல்லவா? மின்னழுத்தம் இறங்கும். ஆனால் மறு சுற்று இல்லாமல் மின்தொகுப்பு விடியும்வரை ஒற்றைக் காலில் நிற்கும். அந்த நேரம் பார்த்து இடி விழுந்து பக்கத்துப் பாதை போனால் என்ன ஆகும் என்பதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த இரவுகள் எனக்கு உண்டு. அப்படி நான் பாதை திறந்த துணைமின் நிலையம் ஒன்றின் சுவரை ஒட்டியே, நூற்றுக்கணக்கான மெகாவார்களை உறிஞ்சக்கூடிய இன்வெர்ட்டர்கள் கதவடைத்துக் கிடந்தன. பின்னர் அந்த இடத்திற்கே புதிதாக ஒரு ரியாக்டரையும் வாங்கி இறக்கினார்கள்.

சொல்லப்போனால், அந்தச் சூரிய மின் நிலையமே இரவில் பிரச்சினையின் ஒரு பகுதியாக இருக்கிறது. பெரிய நிலையம் என்றால் அதன் வயல்களுக்கு அடியில் பல கிலோமீட்டர் கேபிள் புதைந்திருக்கும். மேல்நிலைக் கம்பியைவிடக் கேபிளில் பல மடங்கு மெகாவார் பிறக்கும். பகலில் மின்மாற்றிகளும் மின்னோட்டமும் அதைச் சரிக்கட்டிவிடும். இரவில் உற்பத்தி இல்லாத கேபிள்கள் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் மின்னழுத்தத்தை மேலும் உயர்த்திக்கொண்டு கிடக்கும். தன் வீட்டுக் குப்பையைத் தானே அகற்றும் அளவுக்கேனும் இன்வெர்ட்டர்களை விழித்திருக்கச் சொல்வது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

முன்னிரவில் நிலைமை தலைகீழ். சூரிய உற்பத்தி வடிந்த அதே ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிர்சாதனங்களும் மோட்டார்களும் உச்சத்தில் ஓடும். அவை கேட்கும் ரியாக்டிவ் பவர் கிடைக்காவிட்டால் மின்னழுத்தம் சரியும். வழக்கமாக இதற்குக் கெப்பாசிட்டர்களைச் சேர்ப்பார்கள். கெப்பாசிட்டரிடம் ஒரு குறை உண்டு: அதன் உதவி மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் 90 விழுக்காட்டுக்கு இறங்கினால் கெப்பாசிட்டர் தருவது 81 விழுக்காடாகிவிடும். அதாவது தேவை முற்றும்போது அது கைவிரிக்கிறது. இன்வெர்ட்டர் தன் முழு மின்னோட்டத்தை அப்போதும் தருவதால் அதன் உதவி 90 விழுக்காட்டில் நிற்கும். கெப்பாசிட்டர் படிப்படியாகத்தான் சேரும், ஒவ்வொரு முறையும் ஒரு பிரேக்கர் அடிபடும். இன்வெர்ட்டர் வேண்டிய அளவை நூலிழை சுத்தமாகத் தரும். ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கொடுப்பதை நிறுத்தி உறிஞ்சவும் தொடங்கும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 1000 கேவிஏ (வாட்டும் வாரும் சேர்ந்த மொத்தத் திறனின் அலகு) திறனுள்ள இன்வெர்ட்டர் பகலில் 1000 கிலோவாட்டையும் அனுப்பிக்கொண்டிருந்தால் ரியாக்டிவ் பவருக்கு இடமே இல்லை. 900 கிலோவாட் அனுப்பினால் 436 கிலோவாருக்கு இடம் உண்டு. இது செங்கோண முக்கோணக் கணக்கு, வேறொன்றும் இல்லை. உற்பத்தி பூஜ்யமான இரவிலோ, இயந்திரத்தின் வடிவமைப்பு அனுமதிக்குமானால், 1000 கிலோவார் முழுவதும் கிடைக்கும். நாம் அதை அணைத்து வைக்கும் நேரம்தான் அது இந்த வேலைக்கு முழுமையாக ஓய்ந்திருக்கும் நேரம்.

ஏட்டளவில் மட்டும் இதைச் சொல்லவில்லை. இரவில் இவ்வாறு இயக்கப்படும் இன்வெர்ட்டர் அறைக்கு ஒருமுறை சென்றிருந்தேன். சுற்றிலும் கும்மிருட்டு, வரிசை வரிசையாகப் பலகைகள் பனியில் நனைந்து கிடந்தன. அந்த ஒரு பெட்டி மட்டும் பகலைப் போலவே முனகிக்கொண்டிருந்தது. காற்றாடிகள் சுழன்றன, வெளியேறும் காற்று வெதுவெதுப்பாக இருந்தது, அந்தக் கதகதப்புக்கு இரண்டு பல்லிகள் காற்றுச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. திரையில் ரியாக்டிவ் பவர் 980 கிலோவார் என்று இருந்தது. அதற்கு மேல் வரியில் மைனஸ் 14 கிலோவாட். அந்த மைனஸ் குறிதான் இந்தச் சேவையின் விலை. இந்த விவகாரத்தில் நியாயமாகப் பேச வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

கைமாற்றுக்கு வட்டி இல்லை, ஆனால் போக்குவரத்துச் செலவு உண்டு. சுவிட்சுகள், சுருள், மின்மாற்றி, காற்றாடி எல்லாம் சேர்ந்து, முழு அளவில் இயங்கினால் இயந்திரத் திறனில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை வெப்பமாகப் போகும். பகலில் அதைச் சூரியன் ஈடுகட்டியது. இரவில் மின்தொகுப்பிலிருந்து இழுக்க வேண்டும். பத்து மணி நேர இரவில் ஓர் இயந்திரத்துக்கு 100 முதல் 200 யூனிட் வரை ஆகலாம். எல்லா இரவிலும் எல்லா இயந்திரங்களும் முழு அளவில் இயங்க வேண்டியிராது என்றாலும் இது சின்னச் செலவு அல்ல. அடுத்தது தேய்மானம். காற்றாடிக்கும் கெப்பாசிட்டருக்கும் ஆயுள், இயங்கிய மணி நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பகலுக்கென்று கணக்கிட்ட ஆயுளை இரவிலும் செலவழித்தால் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். நாள்தோறும் சூடேறிக் குளிர்வது குறைவதாலும், உள்ளே ஈரம் கோக்காததாலும் சிறிது நன்மையும் உண்டு என்பார்கள். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று சொல்ல நான் தயாராக இல்லை. பழைய இயந்திரங்கள் பலவற்றில் கெப்பாசிட்டரை ஏசி பக்கத்திலிருந்து மெல்ல மின்னேற்றும் ஏற்பாடே கிடையாது. அவற்றுக்கு மென்பொருளை மட்டும் மாற்றினால் போதாது.

இன்னும் இரண்டு வரம்புகள். ரியாக்டிவ் பவர் நெடுந்தூரம் பயணிக்காது, வழியிலேயே கரைந்துவிடும். எங்கோ ஒதுக்குப்புறத்தில் உள்ள சூரிய மின் நிலையத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள பெருநகரின் மின்னழுத்தத்தைத் தாங்க முடியாது. அதைச் சுற்றியுள்ள துணைமின் நிலையங்களுக்குத்தான் பயன். கூரை மேல் உள்ள சிறு இன்வெர்ட்டர்களிடமும் இதே அளவு எதிர்பார்க்கக் கூடாது, ஏனெனில் தெருவோரக் கம்பிகளில் தடை அதிகம். அங்கே மின்னழுத்தம் வாருக்கு அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. சுழலும் இயந்திரம் தரும் நிலைமத்தையும், அதாவது வேகம் சட்டென மாறாமல் தாங்கும் இயல்பையும், இது தராது. ஜெர்மனியில் பிப்லிஸ் அணுமின் நிலையத்தை மூடிய பிறகு, 2012இல் அதன் ஜெனரேட்டர் ஒன்றை நீராவி இல்லாமல் மோட்டாரைப் போல வெறுமனே சுழலவிட்டு ரியாக்டிவ் பவருக்காகப் பயன்படுத்தினார்கள். அத்தகைய சுழல் இயந்திரங்களுக்கு உரிய இடம் தனியே உண்டு. இன்வெர்ட்டர் அதை முழுதாக நிரப்பிவிடும் என்று நான் வாதிடவில்லை.

ஆனால் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுக்கு இது உதவும் என்பது களத்தில் காட்டப்பட்டுவிட்டது. கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஜீவ் வர்மா, சூரிய இன்வெர்ட்டரை இரவும் பகலும் ஸ்டாட்காமாக இயக்கும் முறையை உருவாக்கி, 2016இல் ஒன்டாரியோவின் சார்னியா நகர விநியோக வலையில் அதைச் செய்து காட்டினார். 2019இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் சசெக்ஸ் பகுதியில் ஒரு சூரிய மின் நிலையம் இரவில் மின்தொகுப்புக்கு ரியாக்டிவ் பவர் அளித்துச் சோதிக்கப்பட்டது. பெரிய இன்வெர்ட்டர் தயாரிப்பாளர்கள் பலர் இன்று இரவு நேர இயக்கத்தைத் தேர்வு வசதியாக விற்கிறார்கள்.

பிறகு ஏன் அணைத்து வைக்கிறோம்? விதி கேட்பதில்லை, கணக்கு தண்டிக்கிறது. ஐஇஇஇ என்ற பன்னாட்டு மின் பொறியாளர் சங்கத்தின், பரவலாகப் பின்பற்றப்படும் 1547 தரநிலையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, இன்வெர்ட்டர் தன் கேவிஏ திறனில் 44 விழுக்காடு வரை ரியாக்டிவ் பவர் தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உற்பத்தி 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தக் கடமை இல்லை. பல இணைப்பு ஒப்பந்தங்கள் நிலையான பவர் ஃபேக்டரை (மொத்தக் கேவிஏவில் வாட்டின் பங்கை) மட்டுமே கேட்கின்றன. அந்த முறையில் வார் என்பது வாட்டின் ஒரு விகிதம், ஆகவே வாட் பூஜ்யமானால் வாரும் பூஜ்யம். ஒப்பந்தமே இயந்திரத்தை உறங்கச் சொல்கிறது. அதையும் மீறி ஒருவர் இயக்கினால் என்ன ஆகும்? நான் கண்ட அந்தத் திரையை ஒரு சாதாரண வணிக மீட்டர் படித்தால், 14 கிலோவாட்டுக்கு 980 கிலோவார், அதாவது 0.014 பவர் ஃபேக்டரில் மின்சாரம் வாங்கும் மிக மோசமான நுகர்வோர் என்று பதிவு செய்யும். மின்தொகுப்பின் கட்டளைக்கு இணங்கி உதவியவருக்கே, பல இடங்களில் நடப்பில் உள்ள கட்டண முறைப்படி, மின்கட்டணமும் அபராதமும் சேர்ந்து வரும்.

நிலையான பவர் ஃபேக்டரின் ஆபத்து இரவோடு முடிவதில்லை. 2025 ஏப்ரல் 28 அன்று நண்பகல் 12.33 மணிக்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, ஐரோப்பாவில் முதன்முறையாக உயர் மின்னழுத்தமே சங்கிலித் தொடராகப் பரவி மின்தொகுப்பைச் சாய்த்தது என்று ஐரோப்பிய மின் கடத்தல் அமைப்புகளின் ஆய்வுக் குழு கண்டது. அங்கே சூரிய, காற்றாலை நிலையங்களில் பெரும்பாலானவை நிலையான பவர் ஃபேக்டரில் இயங்கின. உற்பத்தி குறைந்தபோது அவை உறிஞ்சிக்கொண்டிருந்த மெகாவார்களும் கூடவே குறைந்து, ஏறிக்கொண்டிருந்த மின்னழுத்தத்துக்கு வழிவிட்டன. அதே ஆண்டு ஜூன் மாதம் ஸ்பெயினின் ஒழுங்குமுறை ஆணையம், அந்த நிலையங்களும் மின்னழுத்தக் கட்டுப்பாட்டில் பங்கேற்கும் வகையில் விதியை மாற்றியது. இத்தனைக்கும் அந்த விதி மாற்றத்திற்கான பேச்சு பல ஆண்டுகளாகவே நடந்துகொண்டிருந்தது.

ஆகவே கேட்பது மூன்றே. இனி இணைக்கப்படும் பெரிய நிலையங்களில் இரவு நேர ரியாக்டிவ் பவர் வசதி விருப்பத் தேர்வாக இல்லாமல் இணைப்பு நிபந்தனையாக வேண்டும். இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் முன் சேர்த்தால் ஆகும் செலவு வேறு, நிறுவிய பின் பெட்டியைத் திறந்து சேர்க்கும் செலவு வேறு. கட்டளை பவர் ஃபேக்டராக இல்லாமல், இந்த பஸ்பாரில் இத்தனை கிலோவோல்ட் என்ற இலக்காகத் தரப்பட வேண்டும். கட்டுப்பாட்டு அறையின் கட்டளைப்படி இயங்கிய மணி நேரங்களில் இழுக்கப்பட்ட யூனிட்டுகள், மின்பாதை இழப்பைப் போலவே மின்தொகுப்பின் கணக்கில் சேர வேண்டும். தேய்மானத்துக்கு மெகாவார்-மணிக் கணக்கில் ஒரு தொகையும் தரலாம். மூன்றில் கடைசியதே கடினம், ஏனெனில் அது மின் பொறியாளர் மேசையில் முடிவாகும் விஷயம் அல்ல. கட்டண ஆணைகளைப் பிறப்பிப்பவர்கள் மீட்டர் படிக்கும் முறையையே மாற்ற வேண்டியிருக்கும். புதிய ரியாக்டருக்கோ ஸ்டாட்காமுக்கோ ஒப்புதல் கேட்டுக் கோப்பு வரும்போது, பக்கத்து நிலத்தில் இரவில் உறங்கும் இன்வெர்ட்டர்களின் திறன் எவ்வளவு என்ற ஒரு வரியையும் அந்தக் கோப்பில் எழுதும்படி அவர்கள் இப்போதே கேட்கலாம். அதற்கு எந்த விதியையும் திருத்த வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் பொறியாளர் ஒருவர்